கேள்வி கேட்காத பாடம் மனதில் நிற்காது: பெரியவர்களுக்கான இணையவழிக் கல்லூரிப் படிப்பு

கடலூர், நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், லால்பேட்டை என்று நம் வட்டாரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பாதியில் நின்றுபோன படிப்பு பல வீடுகளில் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு நிக்காஹ் ஆகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மீண்டும் படிக்க ஆசைப்படும் சகோதரிகள் இருக்கிறார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே விசா வந்துவிட்டதால் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டு, பட்டம் இல்லாததால் அதே வேலையில் பத்து வருடம் நின்றுவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதி முடித்து, அதோடு ஒரு பட்டமும் வேண்டும் என்று நினைக்கும் ஆலிம்களும் ஆலிமாக்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் இன்று இணையவழிப் படிப்பு என்ற வாசல் திறந்திருக்கிறது. கைபேசியிலேயே விண்ணப்பித்து, கைபேசியிலேயே கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடலாம். சேருவது எளிது, முடிப்பதுதான் கடினம். முதல் மாதம் ஆர்வத்தோடு வீடியோ பார்ப்பார்கள். மூன்றாம் மாதம் வீடியோக்கள் சேர்ந்துகொண்டே போகும். தேர்வு நெருங்கும்போது, "நமக்கெல்லாம் இனிமேல் படிப்பு ஏறாது" என்று ஒதுங்கிவிடுவார்கள். கட்டிய பணம் போவது ஒரு நஷ்டம். தன்னால் முடியாது என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த எண்ணத்தைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

உண்மையில் பல நேரங்களில் குறை படிப்பவரின் மூளையில் இல்லை. பாடம் கொடுக்கப்படும் முறையில் இருக்கிறது. படிப்பவரிடம் எதையும் கேட்காமல் பேசிக்கொண்டே போகும் பாடம் யாருக்கும் நிற்காது, வீட்டுப் பொறுப்போடு படிக்கும் பெரியவர்களுக்கு நிச்சயமாக நிற்காது. எனவே எந்தப் படிப்பில் சேருவது என்று முடிவெடுக்கும் குடும்பங்கள், "இந்தப் பாடம் என்னிடம் கேள்வி கேட்குமா? நான் கேட்டால் பதில் வருமா?" என்பதைக் கட்டணத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

அஞ்சலில் வந்த புத்தகக் கட்டு

வீட்டிலிருந்தே கல்லூரிப் படிப்பு என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 1929ல் தொடங்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979ல் தொலைதூரக் கல்வி இயக்ககத்தை ஆரம்பித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே, 1971ல், அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985ல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல் அமைந்தது.

அண்ணாமலை நகரிலிருந்து அஞ்சலில் வந்த பாடப் புத்தகக் கட்டைப் பிரித்துப் படித்து ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆனவர்கள் தமிழகம் எங்கும் உண்டு. ஆனால் அந்த முறைக்கு ஒரு குறை இருந்தது. புத்தகம் பேசும், படிப்பவர் பேச முடியாது. புரியாத இடத்தில் நின்றுவிட்டால், அடுத்த நேர்முக வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வகுப்புக்கு வெளியூர் போக முடியாத பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

இணையம் வந்ததும் இந்தக் குறை தானாகத் தீர்ந்துவிடும் என்று பலரும் நினைத்தார்கள். தீரவில்லை. பல இடங்களில் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மணி நேர வீடியோ வந்தது, அவ்வளவுதான். புத்தகமும் கேட்காது, வீடியோவும் கேட்காது.

உலக அளவிலும் இதே அனுபவம்தான். ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய இரண்டு நிறுவனங்களும் 2012, 2013ல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட முதல் 17 பாடங்களில் 8,41,687 பதிவுகள் நடந்தன. சான்றிதழ் பெறும் அளவுக்கு முடித்தவை 43,196. அதாவது நூற்றுக்கு ஐந்து. உலகின் புகழ்பெற்ற ஆசிரியர்களின் பாடத்துக்கே இந்த நிலை என்றால், நம் வீட்டுச் சகோதரி பாதியில் நிறுத்தியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊடாடும் பாடம் என்றால் என்ன?

‘இன்டராக்டிவ்’ என்று விளம்பரங்களில் வரும் சொல்லைத் தமிழில் ‘ஊடாடும்’ என்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், நம் பதிலைக் கேட்டு, அந்தப் பதிலுக்கு ஏற்ப நடந்துகொள்ளும் பாடம்.

ஒரு உதாரணம். பி.காம் படிப்பில் தேய்மானம் என்ற பாடம் வருகிறது. ஒரு சகோதரி தையல் தொழிலுக்காக 20,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். குறைந்து செல்லும் மதிப்பு முறையில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதன் மதிப்பு என்ன?

சாதாரண வீடியோவில் ஆசிரியரே கேள்வியும் கேட்டு விடையும் எழுதிவிடுவார். பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். ஊடாடும் வீடியோ அந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு கட்டம் தோன்றும். அதில் விடையை எழுதினால்தான் மேலே நகரும். ஒருவர் 14,000 என்று எழுதினால், "ஒவ்வோர் ஆண்டும் வாங்கிய விலையிலேயே 10 சதவீதம் கழித்துவிட்டீர்கள். இரண்டாம் ஆண்டில் 18,000 ரூபாயிலிருந்து கழித்துப் பாருங்கள்" என்று சொல்லும். அவர் மறுபடி முயன்று 14,580 என்று எழுதுவார். இனி அந்தக் கணக்கு அவருக்கு மறக்காது, ஏனென்றால் தவறும் அவருடையது, திருத்தமும் அவருடையது.

தொலைதூரக் கல்வி ஆய்வாளரான மைக்கேல் மூர் 1989ல் இந்த உறவாடலை மூன்றாகப் பிரித்தார். படிப்பவருக்கும் பாடத்துக்கும் நடுவே நடப்பது ஒன்று. மேலே பார்த்த தையல் இயந்திரக் கணக்கு அந்த வகை. படிப்பவருக்கும் ஆசிரியருக்கும் நடுவே நடப்பது இரண்டாவது: சந்தேகம் கேட்பதும், எழுதிய கட்டுரைக்குத் திருத்தம் வருவதும், நேரலை வகுப்பும் இதில் அடங்கும். படிப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மூன்றாவது. விவாதத் தளமும், குழு வேலையும், படிப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவும் இதைச் சேர்ந்தவை. நல்ல படிப்பில் இந்த மூன்றும் ஏதோ ஓர் அளவில் இருக்கும். மூன்றில் ஒன்றுகூட இல்லாத படிப்பு, அஞ்சலில் வந்த புத்தகக் கட்டின் கைபேசிப் பதிப்பு மட்டுமே.

கவனிக்க வேண்டிய ஒன்று: படம் அசைவதால் மட்டும் பாடம் ஊடாடுவதாக ஆகிவிடாது. வண்ண வண்ண அனிமேஷனும் பின்னணி இசையும் இருந்தாலும், அது பதில் கேட்கவில்லை என்றால் வெறும் வேடிக்கைதான். ஆசிரியர் வாட்ஸ்அப் குரல் பதிவில் ஒரு கேள்வி அனுப்பி, மாணவர்கள் குரல் பதிவிலேயே பதில் சொல்லி, அவர் திருத்திக் கொடுத்தால், அது செலவே இல்லாத ஊடாடும் பாடம்.

பதில் சொல்வதால் ஏன் பாடம் நிற்கிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் சிலர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. இருமுறை படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது.

இதை நம் மதரஸாக்கள் பலகாலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. மூடிவைத்துவிட்டு உஸ்தாதிடம் ஒப்புவிக்கிறது. விட்ட இடத்தை உஸ்தாத் எடுத்துக்கொடுக்கிறார். நேற்றைய பாடத்தையும் போன வாரப் பாடத்தையும் திரும்ப ஓத வைக்கிறார். பார்க்காமல் சொல்வது, உடனே திருத்தம், இடைவெளி விட்டு மறுபடி சொல்வது ஆகிய இந்த மூன்றையும்தான் நல்ல இணையவழிப் பாடம் கருவியைக் கொண்டு செய்ய முயல்கிறது.

வீடியோவின் நீளமும் முக்கியம். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014ல் வெளியான ஒரு கட்டுரை, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவரின் கவனம் பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. அடுப்பில் குழம்பும் பக்கத்தில் பிள்ளையுமாகப் படிக்கும் ஒரு தாய்க்கு, ஆறு நிமிடப் பாடமும் அதன் முடிவில் இரண்டு கேள்வியும் என்பது சாத்தியம். ஒரு மணி நேர விரிவுரை அவருக்குச் சாத்தியமில்லை.

பெரியவர்கள் படிப்பது வேறு விதம்

பதினெட்டு வயதுப் பிள்ளை, "இதை ஏன் படிக்கிறோம்" என்று கேட்காமலே படித்துவிடும். முப்பத்தைந்து வயதுக்காரர் கேட்பார். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் முதியோர் கல்வி பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான். பெரியவர்கள் தங்கள் அனுபவத்தோடு வருகிறார்கள். தங்கள் வாழ்க்கைக்கு உடனே பயன்படுவதைக் கற்க விரும்புகிறார்கள். தங்களைச் சிறுபிள்ளையாக நடத்துவதை ஏற்பதில்லை.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பான ‘காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்’, தேனி மாவட்டத்தில் விடியல் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, ஆடு வளர்க்கும் கிராமப் பெண்களுக்குக் கைபேசி வழியாகப் பாடம் நடத்தியது. 2009 வாக்கில் நடந்தது அது. இன்றைய ஸ்மார்ட்போன் அவர்களிடம் இல்லை. வங்கியில் ஆடு வாங்கப் பெற்ற கடனிலேயே கைபேசிக்கும் இடம் இருந்தது. ஆட்டுக்கு வரும் நோய், தீவனம், வங்கிக் கணக்கு பற்றிச் சிறு சிறு குரல் செய்திகள் நாள்தோறும் வரும். கேட்டதைக் கையிலிருக்கும் ஆட்டிடம் அன்றைக்கே செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசி ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதிகம் படிக்காதவர்கள்கூட அதில் நிலைத்து நின்றார்கள். கருவி எளியது, ஆனால் பாடம் அவர்களின் வாழ்க்கையோடு பேசியது.

அதே அளவுகோலைக் கல்லூரிப் படிப்புக்கும் வைக்கலாம். வணிகவியல் பாடம் கடை வைத்திருப்பவரின் கணக்கைக் கேட்க வேண்டும். ஆங்கிலப் பாடம் வளைகுடாவில் வேலை பார்ப்பவரை ஒரு அலுவலகக் கடிதம் எழுதச் சொல்ல வேண்டும். குழந்தை வளர்ச்சிப் பாடம் ஒரு தாயின் அனுபவத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கேட்டுக் கற்பது நம் வழி

கேள்வி வழியே கற்பிப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமான ஒன்றல்ல. வானவர் ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க, நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன நிகழ்ச்சி நாம் அறிந்ததே. வந்தவர் மார்க்கத்தைக் கற்றுத்தரவே வந்தார் என்று நபியவர்கள் பின்னர் தோழர்களுக்கு விளக்கினார்கள். கேள்வி கேட்டவரே கற்பித்தவரானார்.

இன்னொரு நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது. முஸ்லிமுக்கு உவமையான, இலை உதிராத மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் பாலைவன மரங்களை நினைத்தார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று தோன்றியது. ஆனால் பெரியவர்கள் மத்தியில் சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டார். விடை அதுவேதான். அவர் அதைச் சொல்லியிருந்தால் தனக்கு எவ்வளவு பிரியமாக இருந்திருக்கும் என்று தந்தை உமர் (ரலி) அவர்கள் பிறகு சொன்னார்கள்.

இன்று இணைய வகுப்பில் இருக்கும் நம் சகோதரிகள் பலரின் நிலையும் இதுதான். விடை தெரியும், ஆனால் கேமரா முன்னால், அந்நியர்கள் நடுவே பேசக் கூச்சம். இங்கேதான் ஊடாடும் ஊடகம் கைகொடுக்கிறது. முகம் காட்டாமல் எழுதிப் பதில் சொல்லலாம். தவறான விடையை யாரும் பார்க்காமல் திருத்திக்கொள்ளலாம். பெண்கள் மட்டும் இருக்கும் சிறு குழுவில் குரல் பதிவாகச் சொல்லலாம். அன்ஸாரிப் பெண்களை வெட்கம் மார்க்கக் கல்வியிலிருந்து தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் கிடைத்திருக்கும் பழைய நூலான வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572ல் இயற்றப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்க, நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்வதாகவே அந்த நூல் முழுவதும் அமைந்திருக்கிறது.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது அங்கீகாரம். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கீகாரம் இல்லாத பட்டம் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற தொலைதூர, இணையவழிப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு நிகரானது. ஆனால் அங்கீகாரம் நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் தரப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று பார்த்துத் தரப்படுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டபோது, நம் பகுதிக் குடும்பங்கள் பல கலங்கின. எனவே பெயரை நம்பி மட்டும் சேராமல், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் படிப்புக்கும் அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். 2024 முதல் இத்தகைய படிப்பில் சேரும் மாணவர் அந்தத் தளத்தில் ‘டெப் ஐடி’ என்ற அடையாள எண்ணைப் பெற வேண்டும். அதைக் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் போன்றவற்றை இணையவழியில் நடத்த அனுமதியே இல்லை.

இரண்டாவது, மாதிரிப் பாடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இணையவழிப் பாடத்தில் வீடியோ, எழுத்துப் பாடம், விவாதத் தளம், மதிப்பீடு என்று நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கும் உண்மையில் இயங்குகின்றனவா? விவாதத் தளத்தில் மாணவர் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் எழுதியிருக்கிறாரா? எத்தனை நாளில்?

மூன்றாவது, வாராவாரம் ஏதாவது எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறதா, அதற்கு மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். ஐஐடி சென்னை ஒருங்கிணைக்கும் என்பிடெல் பாடங்களில் வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தால்தான் சான்றிதழ். பயிற்சியை விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் எழுதித் தப்பிக்க முடியாது. இந்தக் கட்டாயம் தொல்லை போலத் தோன்றினாலும், பாடத்தை விட்டுவிடாமல் காப்பது அதுதான்.

பட்டப்படிப்பில் பணம் கட்டுவதற்கு முன், தன்னால் முடியுமா என்று சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்தை இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒரு பருவம் அதில் நிலைத்து நின்றால், பட்டப்படிப்பில் துணிந்து சேரலாம்.

வீடும் ஜமாஅத்தும் செய்யக்கூடியது

பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஆண்கள் உங்களை முழுவதும் எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டபோது, நபியவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். நம் வீடுகளில் ஒரு நாள் வேண்டாம், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரலாம். அந்த நேரத்தில் பிள்ளைகளை வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசியும் அவர் கையிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கே ஒரு கைபேசி என்ற நிலையில் படிப்பு நடக்காது.

நேரலை வகுப்பின் நேரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். இந்திய நேரம் இரவு 7 மணி வகுப்பு துபாயில் மாலை 5.30, சவூதியிலும் கத்தாரிலும் 4.30, சிங்கப்பூரில் இரவு 9.30. வேலை நேரத்தோடு மோதினால் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். மஃரிப் நேரத்தில் வைக்கப்படும் வகுப்புக்கும் இதே கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணையமும் போகும் நம் கடலோர ஊர்களில், பாடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ள வசதி இருப்பதும் அவசியம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே படிப்பில் சேரும் நான்கைந்து பேரை ஒரு குழுவாக இணைத்துவிடுங்கள். பெண்களுக்குத் தனிக் குழு. வாரம் ஒருமுறை மதரஸா அறையில் உட்கார்ந்து, அந்த வாரப் பாடத்தை ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லட்டும். ஊரிலுள்ள பட்டதாரி ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருநாள் வந்து சந்தேகம் தீர்க்கட்டும். கல்வி உதவித்தொகை தரும் அமைப்புகள், முதல் பருவத்தை முடித்தவருக்கு இரண்டாம் பருவக் கட்டணம் என்று வைத்தால், சேர்வதற்கு மட்டுமல்லாமல் முடிப்பதற்கும் உதவியதாகும்.

இவ்வளவும் செய்தாலும் படிப்பு எளிதாகிவிடாது. வேலையும் குடும்பமும் தாங்கிக்கொண்டு படிப்பது எக்காலத்திலும் உழைப்புத்தான். ஆனால் அந்த உழைப்பு வீணாகாத படிப்பைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. பாதியில் நின்ற படிப்பை மீண்டும் எடுக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் அதை எளிதாக்கி, பயனுள்ள கல்வியாக ஆக்குவானாக. ஆமீன்.